என் கியூவுக்கு வராத சார்ட்டுகள்

ஜூன் 10, திங்கள்

இந்த டைரி ஜனவரியில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்தது. அத்தை முதல் சில பக்கங்களில் கோலம் போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிட்டார். மிச்சம் எனக்கு.

போன வருஷ டைரி பரணில் கிடக்கிறது. அதில் ஒரு நாள் பச்சை மையில், பெரிய எழுத்தில், ஒரு விஷயத்தை எழுதினேன். எழுதிய கையோடு ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னேன். கேக் வெட்டினார்கள். ஒன்பதாவது வாரத்தில் இல்லை என்று ஆகிவிட்டது. அதையும் நானேதான் எழுத வேண்டியிருந்தது. ஆகவே இந்த முறை, அப்படி ஒரு விஷயம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இந்த டைரியில் எழுதப்போவதில்லை. மூன்று மாதம் முடிகிறவரை வெளியே சொல்லக்கூடாது என்பது பெரியவர்கள் வைத்த சட்டம். எழுதவும் கூடாது என்பது நான் சேர்த்துக்கொண்ட உட்பிரிவு. தியாகுவுக்கு மட்டும் தெரியும். கட்டிய புருஷனுக்குத் தெரியாமல் இதைச் செய்ய வழியில்லை.

இருந்தால் என்றுதான் சொன்னேன். இருக்கிறது என்று சொல்லவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

என் உத்தியோகம் என்னவென்று அத்தை தெருவில் சொல்லும் கதை இது: "எம் மருமக அமெரிக்கா டாக்டருங்களுக்கே திருத்தம் போடுறவ." உறையூரில் பாதிப் பேர் இதை நம்பி, முழங்கால் வலிக்கு என்னிடம் மருந்து கேட்கிறார்கள்.

நிஜம் இவ்வளவுதான். தில்லைநகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து, அமெரிக்காவில் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போன பெண்களைப் பற்றி அந்த டாக்டர்கள் எழுதிய குறிப்புகளைப் படிக்கிறோம். ஒவ்வொரு குறிப்புக்கும் உரிய கோடு, அதாவது ஒரு எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளம், போடுகிறோம். அந்தக் கோடு சரியாக இருந்தால்தான் அங்கே இன்சூரன்ஸ்காரன் பில்லைக் கொடுப்பான். குறிப்புக்குப் பெயர் சார்ட். சார்ட்டுகள் வந்து வரிசையில் நிற்குமிடம் கியூ. எங்கள் டீமுக்கு வருவது ஆரம்பக் கர்ப்பம் மட்டும். முதல் மூன்று மாதத்து விசிட்டுகள்.

இதில் தினமும் ஒரு தகராறு உண்டு. அங்கே கர்ப்பம் தொடங்கிப் பிரசவம் முடிகிறவரை மொத்தமாக ஒரே பில். ஆனால் முதல் தடவை வந்தபோது "ஆமாம்மா, கர்ப்பம்தான்" என்று உறுதி செய்து மட்டும் அனுப்பியிருந்தால் அதற்குத் தனி பில். அன்றைக்கே டாக்டர் உற்சாகமாகி, கர்ப்பக் கால விவரங்களையெல்லாம் எழுதத் தொடங்கிவிட்டால் அது மொத்தத்துக்குள் போய்விடும். பெண் பார்க்க வந்த அன்று குடித்த காபியைக் கல்யாணச் செலவில் சேர்ப்பதா வேண்டாமா என்கிற மாதிரி வழக்கு. இதற்காக அமெரிக்காவில் வக்கீல் வைத்திருக்கிறார்கள், தில்லைநகரில் எங்களை வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு இருக்கும் ஒரே வேதம்: டாக்டர் எழுதாததை நீ எழுதாதே. ஒருத்திக்கு நாள் தள்ளிப்போயிருக்கும். காலையில் வாந்தி, மத்தியானம் தலைசுற்றல், சாயங்காலம் மாங்காய். ஊருக்கே தெரிந்திருக்கும். ஆனால் 'கர்ப்பம்' என்று டாக்டர் எழுதவில்லையென்றால் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் யூகிக்கக்கூடாது. யூகித்தால் மார்க் போய்விடும்.

ஆரம்பக் கர்ப்பத்தின் அறிகுறிகளைக் காலை முதல் மாலைவரை படிக்கிற ஒரு கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி எதையாவது மறைக்க வேண்டுமென்றால், பாவம், அவள் கதி என்ன ஆகும் என்று சும்மா யோசித்துப் பார்த்தேன்.

ஜூன் 13, வியாழன்

பக்கத்து சீட் புனிதா மத்தி மீன் குழம்பு கொண்டுவந்தாள். பிசியோதெரபி படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவள். எதையும் விட்டுவைக்காமல் கவனிப்பாள், கவனித்ததையெல்லாம் பேசிவிடுவாள். டப்பாவைத் திறந்தாள். நான் எழுந்து ஓடினேன்.

திரும்பி வந்ததும் கேட்டாள்: "என்னடீ ஆச்சு?"

"பல்லு வலி."

"பல்லு வலிக்கு எதுக்குடீ மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுன?"

"மூக்கு வரைக்கும் ஏறிடுச்சு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஒன்றும் பேசாமல் டப்பாவை மூடினாள்.

ஜூன் 14, வெள்ளி

எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும். தலைக்குத் தேய்க்க. புனிதாவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

ஜூன் 17, திங்கள்

பஸ்ஸில்தான் போகிறேன். ஸ்கூட்டர் வாசலில் தூசி படிந்து நிற்கிறது. "ஏன் லோசனி, நான் கொண்டுபோய் விடட்டுமா?" என்றார் தியாகு. அவர் துவாக்குடியில் வெல்டிங் பட்டறை சூப்பர்வைசர். என்னை விட்டுவிட்டுப் போனால் அவர் போய்ச் சேரும்போது ஷிப்ட் பாதி முடிந்திருக்கும். வேண்டாம் என்றேன். வண்டியை விற்றுவிடலாம் என்றும் சொன்னேன். ஏன் என்றார். பஸ்ஸில் பாட்டு போடுகிறார்கள் என்றேன்.

புத்தூர் நால்ரோடு தாண்டி ஒரு பள்ளம் இருக்கிறது. போன வருஷம் மழையில் அது தெரியாமல் வண்டியோடு இறங்கினேன். விழவில்லை. தூக்கிப் போட்டது, அவ்வளவுதான். அதற்கு நாலைந்து நாள் கழித்துத்தான் எல்லாம். எனக்கும் அந்தப் பள்ளத்துக்கும் நடுவில் உள்ளதை இதுவரை தியாகுவிடம்கூடச் சொன்னதில்லை. இங்கே எழுதிவிட்டேன். சரி, பள்ளத்தைத்தானே எழுதினேன்.

ஜூன் 18, செவ்வாய்

டீம் லீடர் ஜெசிந்தா மேடம் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து அறிவித்தார்: எங்கள் டீமிலிருந்து ஒருவரை ஆடிட்டர் ஆக்கப்போகிறார்கள். ஆடிட்டர் என்றால் மற்றவர்கள் போட்ட கோடுகளில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் செய்யாத பயிற்சியா? சிக்கலான சார்ட்டுகளை யார் நிறைய, தப்பில்லாமல் போடுகிறார்களோ அவர்களுக்கு.

போட்டி எனக்கும் நிஜாமுக்கும். நிஜாமுதீன் பி.ஃபார்ம் படித்த பையன். பாலக்கரையிலிருந்து வருகிறான். எல்லோரையும் அக்கா என்பான், ஜெசிந்தா மேடத்தைக்கூட ஒருமுறை அக்கா என்றுவிட்டான். வேலை செய்யும்போது ராகமில்லாமல் முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். நல்ல பையன்தான், நேற்று வரைக்கும்.

ஜூன் 21, வெள்ளி

என் கியூவில் இன்று வந்ததெல்லாம் பச்சைப் பிள்ளைகூடப் போடும் சார்ட்டுகள். முதல் கர்ப்பம், எல்லாம் நலம், அதற்குக் கோடு இசட் முப்பத்து நாலு. இரண்டாவது கர்ப்பம், எல்லாம் நலம், மறுபடி இசட் முப்பத்து நாலு. தலையைத் தூக்காமல் போட்டுக்கொண்டே போகலாம். ஒன்றுக்கும் ஆடிட்டர் மார்க் கிடையாது.

நிஜாம் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். அவன் இப்போதெல்லாம் செக்யூரிட்டியோடு சேர்ந்து கதவைத் திறக்கிறானாம்.

ஜூன் 24, திங்கள்

அரை நாள் லீவு. பல் டாக்டரிடம் போவதாக ஆபீஸில் சொல்லியிருந்தேன். தியாகுவும் வந்தார்.

பல் டாக்டரம்மா ஸ்கிரீனை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பல் நன்றாகத் துடிக்கிறது. சத்தத்தையும் கேட்கவைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி என்று சார்ட்டில் படித்திருக்கிறேன். எனக்குத் தையல் மிஷின் மாதிரி கேட்டது. தியாகு அழுதுவிட்டார். பல்லைப் பார்த்து அழுகிற மனுஷனை இன்றுதான் பார்க்கிறேன்.

டாக்டரம்மா குறிப்பு எழுதும்போது எட்டிப் பார்த்தேன். எத்தனையாவது வாரம் என்று எழுதாமல் விட்டுவிட்டார். அமெரிக்காவாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். வாய் வரை வந்தது. தியாகு என் கையை அழுத்தினார்.

ஜூன் 26, புதன்

வீட்டில் கருவாடு நின்றுவிட்டது. புதன்கிழமை கருவாட்டுக் குழம்பில்லாமல் அத்தை இருந்ததே கிடையாது. "டாக்டரு எனக்குக் கருவாடே ஆகாதுன்னுட்டாரு" என்றார். எந்த டாக்டர் என்று கேட்டேன். "உனக்கெல்லாம் தெரியாது" என்று சொல்லிவிட்டு, குடத்தை நான் தூக்குவதற்குள் பிடுங்கிக்கொண்டு போனார். பாவம், வயசாகிறது. ஆனால் திடீரென்று இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஜூன் 28, வெள்ளி

ஜெசிந்தா மேடத்திடம் நேராகவே கேட்டுவிட்டேன். "மேடம், எனக்கு மட்டும் ஏன் எல்லாம் லட்டு லட்டா வருது? கஷ்டமான சார்ட் ஒண்ணுகூட வரல."

"சிஸ்டம்தான் பிரிச்சு விடுது லோசனி. என் கையில என்ன இருக்கு?" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த மேரி மாதா படத்தைப் பார்த்தார். பொய் சொல்லும்போது மாதாவிடம் மன்னிப்புக் கேட்பார் என்று டீமில் எல்லோருக்கும் தெரியும்.

கூடவே ஒரு மெயில் அனுப்பினார்: கட்டடச் சங்கம் கேட்டுக்கொண்டபடி இனி யாரும் மீன் கொண்டுவரக்கூடாது, சென்ட் அடித்துக்கொண்டு வரக்கூடாது. கட்டடச் சங்கத்துக்கு இந்த ஒரு விஷயத்திலாவது புத்தி வந்ததே.

ஜூலை 1, திங்கள்

ஏசி நேராக என் தலையில் அடித்துக்கொண்டிருந்தது. புனிதா தானாகவே வந்து சீட்டை மாற்றிக்கொண்டாள். இப்போது என் சீட் கழிவறைக்குப் பக்கத்தில். ஆடிட்டர் ஆகவேண்டியவளைக் கழிவறை ஓரம் தள்ளியிருக்கிறார்கள். வசதியாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுவல்ல விஷயம்.

ஜூலை 2, செவ்வாய்

இன்று உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. என் கியூவில் ஓ-மூணு வந்து வெகுநாள் ஆகிறது.

ஓ-மூணு என்பது கரு தங்காமல் போனால் போடுகிற கோடு. ஆரம்பக் கர்ப்ப சார்ட்டில் அது இல்லாத நாளே இருக்காது. சிக்கலான சார்ட்டுகளில் முக்கால்வாசி அதுதான். முழுதாகப் போயிற்றா, பாதியா, காய்ச்சல் வந்ததா, ரத்தம் எவ்வளவு, எல்லாம் படித்துத்தான் போட வேண்டும். ஆடிட்டர் மார்க் முழுக்க அதில்தான் இருக்கிறது. போன வருஷம் நான் லீவு முடிந்து வந்து உட்கார்ந்ததும் திறந்த முதல் சார்ட்டே ஓ-மூணுதான். தப்பில்லாமல் போட்டேன். அன்று எனக்கு லேசாக வயிற்றுவலி, கழிவறையில் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

அதைப் போட எனக்கு ஆசை என்று அர்த்தமில்லை. இந்த வாரங்களில் அதைப் படிக்காமல் இருந்ததில் மனசுக்கு ஒரு நிம்மதி இருந்தது என்றுகூட ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பங்கை எடுத்துக்கொள்ள அந்தப் பயல் யார்?

ஜூலை 3, புதன்

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

வேண்டுமென்றே முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். நிஜாம் மட்டும் இருந்தான், முதுகு காட்டி. அவன் ஸ்கிரீனில் என் கியூ. ஒவ்வொரு சார்ட்டாகத் திறக்கிறான், மேலோட்டமாகப் பார்க்கிறான், சிலதை விடுகிறான், சிலதை எடுத்துத் தன் கியூவுக்குள் தள்ளிக்கொள்கிறான். டீமில் யாருக்காவது லீவு என்றால் எடுத்துக்கொள்வதற்காகக் கொடுத்திருக்கும் வசதி அது. நான் லீவா? குத்துக்கல்லாட்டம் பின்னால் நிற்கிறேன்.

கத்தவில்லை. ஓசைப்படாமல் கீழே இறங்கிப்போய், ஒரு டீ குடித்து, நேரத்துக்கு வருகிறவள் மாதிரி வந்தேன். "வாங்கக்கா, நல்லாயிருக்கீங்களா?" என்றான். என்ன ஒரு நடிப்பு! சென்னையில் இருக்கும் மேனேஜர் வரதராஜன் சாருக்கு விலாவாரியாக ஒரு மெயில் எழுதினேன். ஜெசிந்தா மேடத்துக்குத் தெரியாமல், பிழை பார்த்து, இரண்டு முறை படித்து அனுப்பினேன். யாரிடம் என்று நினைத்தான்?

ஜூலை 5, வெள்ளி

அடுத்தவர் கியூவிலிருந்து தானாகச் சார்ட் எடுப்பது இங்கே பெரிய குற்றம். வேறொரு கிளையில் இதற்காக ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்களாம். நிஜாமைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு ஸ்கிரீனில் வரதராஜன் சார் விசாரித்தார். வெளியே வந்தவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். லாகின் நிறுத்திவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை கடைசி விசாரணை, வேலை இருக்குமா போகுமா என்று அன்றைக்குத்தான் தெரியும்.

ஏன் எடுத்தாய் என்று கேட்டதற்கு, "ஆடிட்டர் ஆகணும்னு ஆசை சார்" என்றானாம். ஒப்புக்கொண்டுவிட்டான்! நான் சொன்னது சரியாகப் போயிற்று.

புனிதா இன்று என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

ஜூலை 6, சனி

ஜெயித்துவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு வேறு காரணமும் இருக்கலாம்.

ஜூலை 8, திங்கள்

மத்தியானம் சாப்பாட்டு அறையில் புனிதாவைப் பிடித்து நிறுத்தினேன். "நான் என்னடீ தப்பு பண்ணேன்? திருடுனவன் அவன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறது எங்கிட்டயா?"

அவள் டப்பாவை டங்கென்று வைத்தாள். "திருடுனானா? என்னத்தத் திருடுனான்? சொல்லு. எந்த சார்ட்டை எடுத்தான்னு பாத்தியா நீ?"

"கஷ்டமானதெல்லாம் எடுத்தான்."

"கஷ்டமானது இல்லடீ. ஓ-மூணு. ஓ-மூணு மட்டும்தான் எடுத்தான். ஒண்ணுவிடாம."

எனக்கு உடனே புரியவில்லை என்று எழுதத்தான் ஆசை. புரிந்துவிட்டது. கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "மத்தி மீன் அன்னைக்கே தெரியும்டீ. எனக்கு மட்டுமில்ல, இங்க எல்லாருக்கும். நாள் முழுக்க இதத்தானே படிக்கிறோம்? நீ பல்லு வலிங்கிற, தலைக்கு எலுமிச்சம்பழம்ங்கிற. ஆனா நீ சொல்லல. நீ சொல்லாததை நாங்க எப்படிப் பேசறது? போன வருஷம் நீ திரும்பி வந்தன்னைக்கு அந்த மொத சார்ட்டைப் போட்டுட்டு உள்ள போய் அழுதியே, நான் கதவுக்கு வெளியதான் நின்னேன். தட்டலாமா வேணாமான்னு தெரியாம நின்னேன். இந்தத் தடவ அது உன் கண்ணுல படவே கூடாதுன்னு நான்தான் சொன்னேன். யாரு எடுக்கிறதுன்னப்ப அவன்தான், நான் காலையில வந்து பாத்து எடுத்துக்கிறேன்னான். ஜெசி மேடம் பாக்காத மாதிரி இருந்துட்டாங்க."

"அப்ப அதை வரதராஜன் சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? ஜெசி மேடமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? உன் விஷயத்தைச் சொன்னாத்தானே அது காரணமாகும்? நீயே சொல்லாததை நாங்க சொல்லவான்னு மேடத்துக்கு ஒரே தவிப்பு. அவன்தான் வேணாம்னுட்டான். அக்கா மூணு மாசம் முடியட்டும்னு இருக்காங்க, நாம வாயத் தொறக்க வேணாம்னுட்டான்."

அவனுக்குத் தை மாசம் கல்யாணம். இந்த வேலையைச் சொல்லித்தான் பெண் கொடுத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் தியாகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நாளைக்குச் சொல்லிடு" என்றார், கடையில் உப்பு வாங்கிவா என்கிற மாதிரி.

"மூணு மாசம் முடியலீங்க."

"முடியலதான்."

எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால் போய்விடும் என்று நம்புகிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள். ஆனால் போன வருஷம் சொன்னேன், போய்விட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை என்று என் படிப்பு சொல்கிறது. என் வயிறு கேட்கமாட்டேன் என்கிறது. நான் பேசாமல் இருந்தால் ஒரு பையனுக்கு வேலை போகும். பேசினால் என்ன போகும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் மூன்று முறை வாந்தி. எதனால் என்று எழுதவேண்டியதில்லை.

கண்ணாடி அறையில் நிஜாம் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். கோடு போட்ட புதுச் சட்டை, நேர்முகத் தேர்வுக்கு வந்தவன் மாதிரி. ஜெசிந்தா மேடம் பக்கத்தில். ஸ்கிரீனில் வரதராஜன் சார். நான் கதவைத் தட்டாமலே உள்ளே போய்விட்டேன்.

"என்னம்மா, உங்க கம்ப்ளெய்ன்ட்தான் விசாரிச்சுக்கிட்டிருக்கோம். நீங்க வெளிய இருங்க" என்றார் சார்.

"சார், அவன் சொன்னது பொய். ஆடிட்டர் ஆகுறதுக்காக எடுக்கல."

"அப்ப எதுக்கு எடுத்தார்?"

வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. நிஜாம் தலையைத் தூக்கி, "அக்கா, வேணாங்க்கா" என்றான். அந்த வேணாங்க்காதான் என்னைப் பிடித்துத் தள்ளியது.

"இசட் முப்பத்து நாலு, சார்" என்றேன்.

அவர் குழம்பிப்போனார். "யாரோட சார்ட்ம்மா?"

"என்னோட சார்ட் சார். என்னோடதுதான். போன வருஷம் எனக்கு ஓ-மூணு ஆச்சு. இப்ப இசட் முப்பத்து நாலு. நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லாமலே தெரிஞ்சுக்கிட்டு, நான் அந்த சார்ட்டைப் படிக்கக் கூடாதுன்னு இவன் எடுத்துப் படிச்சிருக்கான். அது தெரியாம நான்தான் புகார் பண்ணேன்."

ஜெசிந்தா மேடம் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து, "அய்யோ, அப்படியா லோசனி! எனக்குத் தெரியவே தெரியாதே!" என்றார். கண்கள் மாதா படத்தைத் தேடின. அது அவர் மேஜையில் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவர்கள், உள்ளே பேசுவது கேட்காது என்பதையும் மறந்து, ஒருவர் பின் ஒருவராக வாயைப் பிளந்து ஆச்சரியப்பட்டார்கள். இவ்வளவு மோசமான நடிப்பை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

வரதராஜன் சாருக்கு இருபது வருஷம் இதே தொழில். வாயில் அதுதான் வந்தது: "டாக்டர் எழுதின குறிப்பு ஏதாவது இருக்காம்மா?"

கைப்பையிலிருந்து ஸ்கேன் படத்தையும் டாக்டரம்மா எழுதின குறிப்பையும் எடுத்து கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். சார் ஸ்கிரீனுக்கு அருகில் வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "வாரம் எழுதல பாருங்க" என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போய்விட்டார். திரும்ப வர நேரமாயிற்று.

தீர்ப்பு: நிஜாமின் வேலை நிற்கும். ஒரு எச்சரிக்கைக் கடிதம் உண்டு. ஆடிட்டர் போட்டியில் அவன் பெயர் இருக்காது. என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று நானே சொல்லிவிட்டேன். பின்னால் நின்று ஸ்கிரீனைப் பார்த்தும் என்ன சார்ட் என்று பார்க்காதவள் என்ன ஆடிட்டர்? இனி யாருக்கு எந்த சார்ட் என்பதை ஜெசிந்தா மேடமே பிரித்துக் கொடுப்பார். ஆடிட்டர் வேலை, அதை ஒரு நாளும் விரும்பாத புனிதாவுக்குப் போயிற்று. "எனக்கெதுக்குடீ இந்தத் தலைவலி" என்று என் சீட்டுக்கே வந்து திட்டிவிட்டுப் போனாள். இனி இந்த டீமில் யாரும் எதையும் மறைக்க முடியாது.

ஜூலை 11, வியாழன்

டீ வேளைக்கு நிஜாமைக் கீழே கூட்டிப்போனேன். மன்னிப்புக் கேட்க என்று எதையெதையோ மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "விடுங்கக்கா, நானா இருந்தாலும் மெயில்தான் போட்டிருப்பேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். பஜ்ஜி வேண்டுமா என்று கேட்டான். எண்ணெய் வாசனை ஆகாது என்று அவனே சொல்லிக்கொண்டு தள்ளி நிற்கவைத்தான்.

"அத்தனையும் நீ ஒருத்தனே படிச்சியா? கஷ்டமா இல்லையா?" என்றேன்.

"மொத வாரம் சோறு இறங்கலக்கா. நமக்கு வழக்கமா நடுநடுவுல ஒண்ணு வரும், போட்டுட்டுப் போயிடுவோம். எல்லாம் சேந்து வந்தா அப்படி இல்ல." டீயை ஆற்றினான். "ஆனா சேத்துப் படிச்சதுலதான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. எல்லா நோட்லயும் கடைசியில டாக்டருங்க ஒரு வரி எழுதுறாங்க. வேற வேற ஊரு, வேற வேற டாக்டரு. வரி மட்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். 'நீங்க செஞ்ச எதுனாலயும் இது நடக்கலன்னு அவங்ககிட்ட எடுத்துச் சொன்னேன்.' அவ்வளவுதான் வரி."

என் கிளாஸையும் வாங்கி ஆற்றிக் கொடுத்தான்.

"நீங்களும் பாத்திருப்பீங்கக்கா, நானும் பாத்திருப்பேன். அதுக்குக் கோடு கிடையாதுல்ல? அதனால யாரும் படிக்கிறதில்ல. தாண்டிப் போயிடுறோம்."

எத்தனை வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். எத்தனை பெண்களின் குறிப்பில் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பேன். போன வருஷம் எங்கள் டாக்டரம்மாகூட என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். உதடு அசைந்தது நினைவிருக்கிறது. நான் அப்போது பள்ளத்தில் இருந்தேன்.

"வண்டியில ஒரு பள்ளத்துல இறங்கியிருந்தாக்கூடவா?" என்று கேட்டேன். தியாகுவிடம் கேட்காதது, அம்மாவிடம் கேட்காதது, ஒரு டீக்கடை வாசலில் கேட்டுவிட்டேன்.

நிஜாம் என்னைப் பார்த்தான். எந்தப் பள்ளம், எப்போது என்று கேட்கவில்லை. "பேரு ஊரு சொல்லக்கூடாது, ஆனா சொல்றேன். ஒருத்தங்க தினமும் குதிரை ஓட்டிக்கிட்டு இருந்தாங்களாம். அவங்களும் இதத்தான் கேட்டிருக்காங்க. அவங்களுக்கும் அதே வரிதாங்க்கா."

அங்கேயே, டீ கிளாஸும் கையுமாக, ஜவுளிக்கடையிலிருந்து பட்டுச்சேலைப் பையோடு வெளியே வருகிற அத்தனை பேரும் பார்க்க, ஒரு வருஷத்து அழுகையை அழுது தீர்த்தேன். நிஜாம் பயந்துபோய் இன்னொரு டீ சொன்னான்.